விழுந்தால் திட்டாத வீடு

ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத குறைபாடு, உள்ள பிள்ளை வளரும் வீட்டுக்கு நான் சொல்லும் முதல் சட்டம் இதுதான்: விழுந்ததற்குத் திட்டக் கூடாது. "ஓடாதேன்னு சொன்னேன்ல" என்று ஒரு தடவை கத்தினால் போதும், அடுத்த தடவை விழுந்ததைப் பிள்ளை மறைத்துவிடும். மூட்டுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபாக்டர் (ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி மருந்து) போடுவதற்கும், காலையில் கால் வீங்கிய பிறகு போடுவதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் நமக்குக் கிடைப்பது பிள்ளை வாயைத் திறந்தால்தான்.

அதனால் எங்கள் வீட்டில் எதைச் செய்து விழுந்தாலும் பதில் ஒன்றுதான்: "சொன்னது நல்லதாப் போச்சு. எங்கே, காட்டு." கட்டிலிலிருந்து குதித்தது சரியா தப்பா என்பதை எல்லாம் ஆறின பிறகு பேசிக்கொள்ளலாம். தாத்தா, சித்தப்பா, வந்துபோகிற எல்லோருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். பாட்டிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பயத்தில் சத்தம் போட்டுவிடுவார். அவருக்கு ஒரு பொறுப்பு கொடுத்தோம்: அவன் விழுந்தால் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்து வைக்க வேண்டும். கையில் வேலை வந்ததும் சத்தம் நின்றுபோனது. மருத்துவமனையில் முதலில் கேட்பதும் அந்த மணியைத்தான்.

என் பையனுக்கு 9 வயது. ஹீமோஃபிலியா ஏ, தீவிர வகை. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபாக்டர் 8 அவன் உடம்பில் இயல்பான அளவில் 1 சதவீதத்துக்கும் கீழே. (ஃபாக்டர் 9 குறைவாக இருந்தால் அது பி வகை.) இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் மற்றவர்களைவிட வேகமாகக் கொட்டாது, நிற்பதற்குத்தான் நேரமாகும். பென்சில் சீவும்போது பட்ட கீறலை அழுத்திப் பிடித்து பிளாஸ்திரி ஒட்டினால் வேலை முடிந்தது. பார்க்கிறவர்கள் கீறலைக் கண்டு பதறுவார்கள். நாம் கவனிக்க வேண்டிய இடங்கள் வேறு: கணுக்கால், முழங்கால், முழங்கை, பெரிய தசைகள், தலை. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் உள்சவ்வு தடித்து, குருத்தெலும்பு அரித்து, சின்ன வயதிலேயே மூட்டு முழுதாக நீளாமல் போய்விடும்.

தினமும் காலையில் பல் தேய்த்து முடித்ததும் ஒரு சின்ன சோதனை செய்கிறோம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்வேன். இரண்டு முழங்கையும் ஒரே மாதிரி நிமிர வேண்டும். குந்தி உட்கார்ந்து எழச் சொல்வேன். குதிகால் இரண்டும் தரையில் பதிய வேண்டும். அப்புறம் என் புறங்கையை ஒரு முழங்காலில் வைத்து, எடுத்த கையோடு மற்றதில் வைப்பேன். இரண்டையும் அடுத்தடுத்துத் தொடும்போதுதான் சூட்டில் இருக்கும் சின்ன வித்தியாசம் பிடிபடும். படி இறங்கும்போது எப்போதும் ஒரே காலை முன்னால் வைக்கிறானா என்பதையும் பாருங்கள்.

"வலிக்குதா?" என்று கேட்டுப் பயனில்லை. ஊசிக்குப் பழகிப்போன பிள்ளை "இல்ல" என்றுதான் சொல்லும். "எங்கேயாவது இறுக்கமா இருக்கா? குறுகுறுன்னு இருக்கா?" என்று கேளுங்கள். வீக்கமும் சூடும் வருவதற்கு முன்பே மூட்டுக்குள் அப்படி ஓர் உணர்வு வருவதுண்டு. என் பையன் அதை "உள்ளே சோடா" என்பான். "கணுக்கால்ல சோடா வருதும்மா" என்று அவன் சொன்னால் நான் வேறு எதையும் எதிர்பார்க்க மாட்டேன், மருந்தை எடுத்துவிடுவேன். சந்தேகம் வந்தால் முதலில் ஃபாக்டர், ஸ்கேன் எல்லாம் அப்புறம்.

தலையில் அடி பட்டால் வாந்தி வருகிறதா, மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. ஃபாக்டர் போட்டுவிட்டு நேராக மருத்துவமனை. கழுத்தில், தொண்டையில் வீக்கம், வயிற்றில் பலமான அடி, இதற்கெல்லாமும் அப்படித்தான். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: தொடை இடுக்கிலோ அடிவயிற்றிலோ வலி என்று சொல்லி, காலை நீட்ட முடியாமல் மடக்கியே படுத்திருந்தால், இடுப்புக்கு உள்ளே இருக்கும் தசையில் கசிவு இருக்கலாம். அதைச் சாதாரண வயிற்று வலி என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டிலேயே ஃபாக்டர் போட செவிலியரிடம் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் பார்க்க, நம் கை பழகும் வரை போட்டுப் பழகுங்கள். மருந்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். பொடியில் நீர் சேர்ந்ததும் குலுக்காமல், உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். நுரை கட்டக் கூடாது. ஊசி போட ரத்த நாளம் கிடைக்கவில்லை என்றால் கையை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே எழும்பும். எந்தக் கை என்பதை அவன் முடிவு செய்வான். போடலாமா வேண்டாமா என்பது பேச்சுக்கே இல்லை. நாளம் எழும்பக் கையில் பட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் அக்காவின் வேலை. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோருமே அமைதியாக இருப்போம், ஏனென்றால் என் கை நடுங்கினால் அவன் கையும் நடுங்கும்.

எமிசிசுமாப் என்ற மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு ஊசி தோலுக்கு அடியில்தான், ரத்த நாளம் தேட வேண்டியதில்லை. பெரிய நிம்மதி அது. ஆனால் அது கசிவு வராமல் தடுக்கும் மருந்து. வந்துவிட்ட கசிவுக்கு ஃபாக்டர் தேவைப்படலாம். வேறு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இந்த மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில உறைதல் பரிசோதனைகளின் முடிவு இதனால் மாறித் தெரியும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்க வேண்டாம். தசையில் ஊசி வேண்டாம் என்பதற்காகத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். முடிந்தவரை தோலுக்கு அடியில், மெல்லிய ஊசியில் போடச் சொல்லி, போட்ட இடத்தை 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

பள்ளிக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். நோயின் பெயர், உங்கள் எண், மருத்துவமனை எண், தலையில் அடி பட்டால் என்ன செய்வது, "கால் சரியில்லை என்று அவன் சொன்னால் நம்புங்கள்". இந்தக் கடைசி வரியை நான் தடித்த எழுத்தில் எழுதுகிறேன். விளையாட்டு வகுப்பில் அவனை ஓரமாக உட்கார வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தசை வலுவாக இருந்தால்தான் மூட்டுக்குப் பாதுகாப்பு. நீச்சல் அருமையான பயிற்சி. தலைக்கவசம் போட்டு சைக்கிள் ஓட்டலாம். குத்துச்சண்டை, மல்யுத்தம் மட்டும் கிடையவே கிடையாது.

குடும்பத்தில் ஒரு பேச்சு வரும், அதற்குத் தயாராக இருங்கள்: "உன் பக்கத்திலிருந்துதானே வந்தது?" மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, கேரியரான (அந்த மரபணுக் குறையைச் சுமக்கும்) தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இது வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் முன்பு யாருக்கும் இருந்ததே இல்லை, புதிதாகத் தோன்றியதுதான். இதில் யார் மேலும் குற்றமில்லை, அதைப் பிள்ளையின் காதுபடவே சொல்லுங்கள். "இந்த வியாதிக்காரங்க ரொம்ப நாள் இருக்க மாட்டாங்க" என்று பெரியவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக் கணக்கு. 1964-ல் ஜூடித் கிரஹாம் பூல் என்ற விஞ்ஞானி, ரத்தத்திலிருந்து ஃபாக்டர் 8 செறிந்த பகுதியைப் பிரித்தெடுக்கும் கிரையோபிரெசிபிடேட் முறையை வெளியிட்டார். அதற்கு அப்புறம் உறைய வைத்து உலர்த்திய பொடியாக ஃபாக்டர் வந்து, வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

மகள் இருந்தால் அவளுக்கும் ஃபாக்டர் அளவைப் பாருங்கள், உங்களுக்கும் பாருங்கள். கேரியராக இருக்கும் பெண்களுக்கே அளவு குறைவாக இருக்கலாம். மாதவிடாயில் அதிகம் போவது, பல் பிடுங்கினால் நிற்காமல் வடிவது இதனால்கூட இருக்கலாம். மகளுக்கு மாதவிடாய் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, ஒரு நோட்டு. தேதி, மணி, எந்த மூட்டு, எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரத்தில் அடங்கியது. மருந்துக் குப்பியின் ஒட்டியை, தொகுதி எண்ணோடு, அவனே ஒட்டுவான். தீவிர ஏ வகைப் பிள்ளைகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு, ஃபாக்டரையே எதிர்க்கும் இன்ஹிபிட்டர் உருவாகிறது. பெரும்பாலும் ஃபாக்டர் போடத் தொடங்கிய ஆரம்பக் கட்டத்தில். வழக்கமான அளவு போட்டும் கசிவு அடங்கவில்லை என்று நோட்டில் எழுத நேர்ந்தால், அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காதீர்கள். அந்த நோட்டோடு அன்றைக்கே போய் இன்ஹிபிட்டர் பரிசோதனை கேளுங்கள்.