கேம் இசைக் கச்சேரிக்கு எந்த சீட்?
வீடியோ கேம் இசையை ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்கும் கச்சேரிக்குச் சேலத்திலிருந்து பெங்களூரோ சென்னையோ போகிறீர்கள் என்றால், முன்வரிசை டிக்கெட்டை விட்டுவிட்டு பால்கனியில் நடுவாக ஒரு சீட் பிடியுங்கள், பெரும்பாலும் விலையும் குறைவு. முன்னால் உட்கார்ந்தால் வயலின்தான் காதை அடைக்கும், பின்னால் இருக்கும் ஹார்ன், டிரம்பெட், டிம்பனி என்கிற பெரிய முரசு எல்லாம் கண்ணுக்கே தெரியாது, மேலே திரையில் ஓடும் கேம் காட்சியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வேறு வலிக்கும். பால்கனிக்கு எல்லா வாத்தியமும் கலந்து வரும், மிச்சமாகும் காசு பஸ் செலவுக்கு ஆச்சு.

மைதானம், ஸ்டேடியம் என்றால் இது செல்லாது. அங்கே சத்தம் ஸ்பீக்கரில்தான் வருகிறது, அதனால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சவுண்ட் மிக்சர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள்; சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குச் சரியாக வைப்பதுதான் உங்களுக்கும் கேட்கும்.