அவசரத்தில் க்வில்ட் தைக்கும்போது எங்கே சறுக்குகிறது?

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. பரிசாக ஒரு க்வில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. புதன்கிழமை ராத்திரிதான் துணியையே கையில் எடுக்கிறோம். இந்த நிலைமையில் பலரும் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது துணியை நனைக்காமல் விடுவதில், அயர்ன் பண்ணாமல் தைப்பதில், மூன்று அடுக்கையும் நாலு ஊக்கில் நிறுத்துவதில். நட்சத்திர டிசைனை விட மட்டும் மனசு வராது. நான் சொல்வது நேர்மாறு: டிசைனைக் குறையுங்கள், அடிப்படை வேலையில் கை வைக்காதீர்கள்.

நட்சத்திரம் என்றால் முக்கோணம். முக்கோணம் என்றால் ஒரு ஓரமாவது துணியின் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக விழும்; அந்த ஓரம் இழுபடும். கிராஸ் கட்டிங் ப்ளவுஸ் உடம்போடு படிந்து நிற்க அந்த இழுவைதான் காரணம். அதே இழுவை க்வில்ட்டில் வந்தால் கட்டம் கோணிக்கொள்ளும். அவசரத்துக்கு வெறும் சதுரம் போதும். 5 அங்குலச் சதுரமாக 80 வெட்டி, அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10 என்று தைத்தால், கால் அங்குலத் தையல் போக 36க்கு 45 அங்குலம் வரும். குழந்தைக்கு அது தாராளம்.

அந்தக் கால் அங்குலத்தில்தான் முதல் சறுக்கல். இங்கே நூல் என்பது அளவு: அங்குலத்துக்கு 8 நூல். தையல் அரை நூல் உள்ளே தள்ளிப் போனால் இரண்டு துணியும் சேர்ந்து ஒரு நூல் காலி. ஒரு வரிசையில் 7 தையல், ஆக 7 நூல்: கிட்டத்தட்ட ஓர் அங்குலம் குறைந்துவிடும். எல்லா வரிசையும் ஒரே மாதிரி குறைந்தால்கூடச் சமாளிக்கலாம். வேகமாக ஓட்டும்போது ஒன்று குறையும், அடுத்தது குறையாது. பிறகு இழுத்துப் பிடித்துத் தைப்போம், நடுவில் உப்பிக்கொள்ளும். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரம் கால் அங்குலம்தான் என்று நம்பவும் வேண்டாம். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து அயர்ன் பண்ணிப் பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் நின்றால் தையல் சரி. இல்லையென்றால் ஊசியிலிருந்து அளந்து தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி, துணியை அதன் ஓரமாகவே விடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.

புதுக் காட்டன் சுருங்கும், அடர் நிறம் சாயம் விடும். சிவப்புச் சுங்குடியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டு முதல் சலவையில் முழிப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் நனைத்துக் காயவைக்க நேரமில்லையா? ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கறை பட்டால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம். பழைய காட்டன் புடவைக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

அயர்ன் விஷயத்தில் ஒன்றுதான். பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுங்கள். ஒரு வரிசையின் தையலை இடதுபக்கமும் அடுத்த வரிசையின் தையலை வலதுபக்கமும் சாய்த்தால், சேர்க்கும்போது மூலைகள் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்.

இனி பெரிய விஷயம்: அடுக்குவது. மேல்துணி, பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது மெஷினின் பல் அடித்துணியை முன்னால் இழுக்கும், ஃபுட் மேல்துணியை அழுத்திப் பின்னால் நிறுத்தும். இந்த இழுபறியால் மேலே துணி சேர்ந்து சேர்ந்து, கடைசியில் பெரிய மடிப்பாக விழும். அடித்துணியில் விழும் மடிப்போ, திருப்பிப் பார்க்கும்வரை தெரியவே தெரியாது. அதனால் அடித்துணியை ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். தரையில் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது, அதற்காக விறைப்பாக இழுக்கவும் கூடாது, விட்டவுடன் சுருங்கிக்கொள்ளும். மேலே மற்ற இரண்டையும் விரித்து, நடுவிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. தைப்பதும் நடுவிலிருந்துதான். எல்லா வரியையும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்குங்கள், போய்த் திரும்பி வராதீர்கள். சதுரங்கள் சேரும் கோட்டின் மேலேயே தைக்க ஆசைப்பட வேண்டாம், சிறு வழுக்கலும் பளிச்சென்று தெரியும். கால் அங்குலம் தள்ளித் தைத்தால் யாருக்கும் தெரியாது. ஊசி புதிதாக இருக்கட்டும், 14 அல்லது 16 நம்பர். இரண்டு மூன்று பாபினில் முன்பே நூல் சுற்றி வையுங்கள்.

பஞ்சு அடுக்கே இல்லாமலும் தைக்கலாம். வங்காளத்தின் காந்தாவும் வட கர்நாடகத்தின் கௌதியும் பழைய துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உருவானவைதான். நம் ஊர் வெயிலுக்கு அது மேல் என்றுகூடச் சொல்வேன். மெஷினும் திணறாது. பாலியஸ்டர் பஞ்சுதான் கையில் இருக்கிறதென்றால் அயர்ன் சூட்டைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், உருகிவிடும்.

ஓரப் பட்டிக்குத் துணி பற்றாமல் போவது கடைசி ராத்திரியில் நடக்கும் கூத்து. மேலே சொன்ன அளவுக்குச் சுற்றளவு 162 அங்குலம். மூலைக்கும் ஜாயினுக்கும் சேர்த்து 10 அங்குலம் கூட வேண்டும். இரண்டரை அங்குலப் பட்டைகளைத் தொடக்கத்திலேயே வெட்டித் தனியே வைத்துவிடுங்கள். அதற்கும் முடியாதா, கூடுதலாக விட்ட அடித்துணியையே முன்பக்கம் இரண்டு மடிப்பாகத் திருப்பித் தைத்துவிடலாம். பார்வைக்கு ஒன்றும் குறையாது.

பிரிப்பதா விடுவதா என்ற கேள்வி எப்படியும் வரும். மூலை ஒரு நூல் பொருந்தவில்லையா, விட்டுவிடுங்கள். தையல் துணியைப் பிடிக்காமல் வாய் திறந்திருந்தாலோ அடியில் மடிப்பு மாட்டியிருந்தாலோ, பிரித்தே ஆக வேண்டும். அவசரத்தில் பிளேடைக் கையில் எடுத்தால் துணியும் சேர்ந்து கிழியும். தையல் பிரிக்கும் சிறு கருவியான சீம் ரிப்பரால் ஒரு பக்கம் நாலைந்து தையலுக்கு ஒன்றை வெட்டிவிட்டு, மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுசாக வந்துவிடும்.

குத்திய ஊக்குகளின் எண்ணிக்கையைக் குத்தும்போதே எழுதி வையுங்கள். கழற்றியதும் எண்ணிப் பார்த்து, கணக்கு சரியான பிறகுதான் போர்வை பெட்டிக்குள் போகலாம். கொடுக்கும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தவோ அடியில் விரிக்கவோ வேண்டாம். விழித்திருக்கும்போது தரையில் விரித்து, பக்கத்தில் ஆள் இருக்க, விளையாட விடலாம்.