கீவினா காட்டு டவுன்ஷிப்புகள்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கிறது கீவினா கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது). காடு, கைவிடப்பட்ட தாமிரச் சுரங்கங்கள், நடுவே சில டவுன்ஷிப்புகள், அதாவது கவுண்டிக்குள் வரும் ஊராட்சிப் பகுதிகள். சிலவற்றில் நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். இந்த வட்டாரத்தை வைத்து வரைபடமும் கட்டுரையும் செய்யப் பழகுகிறவர்களின் வேலையைப் பார்த்துத் தருவது வழக்கம். மைல், கிலோமீட்டர் குழப்பமெல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். கீழே உள்ள தவறுகள் தானாகச் சரியாகாது.

ஏரியையும் சேர்த்து வகுப்பது

இதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. கீவினாவின் மொத்தப் பரப்பு சுமார் 5,966 சதுர மைல். அதில் நிலம் ஏறக்குறைய 540தான். மீதி 91 சதவீதமும் தண்ணீர். கவுண்டியின் எல்லை கரையோடு நிற்பதில்லை, ஏரிக்குள் கனடா எல்லைவரை போகிறது. நிரந்தரக் குடிகளே இல்லாத ஐல் ராயல் தீவும் இதற்குள்தான் அடக்கம்.

2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,046. மொத்தப் பரப்பால் வகுத்தால் மூன்று சதுர மைலுக்கு ஒருவர் என்று வரும். நிலத்தால் மட்டும் வகுத்தால் ஒரு சதுர மைலுக்கு கிட்டத்தட்ட 4 பேர். பதினோரு மடங்கு வித்தியாசம்!

ஒரு கண்காட்சிக்கு இப்படித்தான் மக்கள் அடர்த்தியைக் காட்டும் வண்ண வரைபடம் ஒன்று தயாரானது. ஏரிக்கரைக் கவுண்டிகள் எல்லாம் வெளிறிப்போய்க் கிடந்தன. போதாததற்கு, "சுரங்கம் மூடியதால் ஆளே இல்லாமல் போன நிலம்" என்று கீழே ஒரு குறிப்பு. சுரங்கம் மூடியது உண்மை, 1910இல் 7,000க்கு மேல் இருந்த மக்கள் குறைந்ததும் உண்மை. ஆனால் அந்த வெளிறலுக்குக் காரணம் மீன்கள் வாழும் தண்ணீரையும் கணக்கில் சேர்த்தது. அச்சடித்த அத்தனையும் குப்பைக்குப் போனது. மறு அச்சுச் செலவு யார் தலையில் என்று ஒரு வாரம் சண்டை. கணக்கெடுப்புத் துறை நிலத்தையும் நீரையும் தனித்தனி நிரலில்தான் தருகிறது. நிரல் தலைப்பைப் படித்திருந்தால் போதும்.

எல்லா டவுன்ஷிப்பும் 36 சதுர மைல் என்று நினைப்பது

1785 சட்டப்படி நிலம் அளந்த கட்டம்தான் ஆறுக்கு ஆறு மைல். ஊராட்சி எல்லை வேறு. இதே மாநிலத்தின் லூஸ் கவுண்டியில் மெக்மில்லன் டவுன்ஷிப் ஒன்றே 580 சதுர மைலுக்கு மேல்.

கிராமத்தை இரண்டு முறை எண்ணுவது

மிச்சிகனில் கிராமத்தார் டவுன்ஷிப் கணக்கிலும் வருவார்கள்; நகரத்தார் வரமாட்டார்கள்.

ஹோட்டன்

இந்தப் பெயரில் டவுன்ஷிப் கீவினாவில், நகரம் அடுத்த கவுண்டியில். எந்த ஹோட்டன் என்று பாருங்கள்.

வீட்டை எண்ணி ஆளைக் கணிப்பது

கரையோர வீடுகளில் பல, கோடைக்கு மட்டும் திறப்பவை. கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. அப்போது அங்கே இன்னும் பனி கிடக்கும். 1978–79 குளிர்காலத்தில் 390 அங்குலம் பெய்த இடம் இது. கோடை வீட்டுக்காரர் வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் எண்ணப்படுவார்.

காடெல்லாம் ஆதிகாடு என்று நினைப்பது

சுரங்கத்துக்கு வெட்டியதுபோக மறுபடி முளைத்ததுதான் பெரும்பகுதி. எஸ்டிவன்ட் பைன்ஸ் என்ற பழைய பைன் காடு போன்ற துண்டுகள் விதிவிலக்கு.

2020 எண்ணைக் கடைசி இலக்கம்வரை நம்புவது

தனிநபர் விவரம் வெளிப்படாமலிருக்க, மாநிலத்துக்குக் கீழே உள்ள எண்ணிக்கைகளில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறு மாற்றங்களைக் கலந்திருக்கிறது. எழுபது பேர் அறுபத்துநான்கு ஆனதும் "மக்கள் வெளியேற்றம்" என்று தலைப்புப் போடாதீர்கள். முந்தைய மூன்று நான்கு கணக்கெடுப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.