பாட்டாவின் பட்டாளப் பெட்டி: மெடலும் காகிதமும் கெடாமல் காக்க

போருக்குப் போய்வந்த பாட்டா (தாத்தா) இறந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், கை முதலில் மெடலுக்குத்தான் போகும். கறுத்திருக்கிறதே என்று புளியோ பித்தளை பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த மெடல்கள் பலவற்றில் படை எண், பதவி, பெயர் பொறித்திருக்கும்; நட்சத்திர மெடலில் பின்பக்கம், வட்ட மெடலில் விளிம்பில். தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்த எழுத்துதான். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். எழுத்து தெரியாவிட்டால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழல் விழுந்து தெரியும்.

ரிப்பன் வெளுத்திருந்தால் வளையத்துக்குள் மடிந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். வெயில் படாததால் அங்கே நிறம் நிற்கும். நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்கு நடுவே ஆரஞ்சுக் கோடு என்றால் அது பர்மா போர்முனைக்கான பர்மா ஸ்டார் மெடல். துவைக்க வேண்டாம், சாயம் இறங்கிவிடும்.

படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்வதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய கேடு. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே சிக்கிய ஈரம் காகிதத்தை அரிக்கும். திண்ணை நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய போட்டோவை உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். தனிப் போட்டோ என்றால் 600 டிபிஐ ஸ்கேன். பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில். பேனா மை முன்பக்கம் ஊறிவரும்.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று. போதாததற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே இரண்டு மழைக்காலம். இறுக்கமாக மூடும் டப்பாவில் மெடலைத் துணியில் சுற்றி, கூடவே 50 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் போடுங்கள். மணி நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படுத்தாத சட்டியில் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ரப்பர் பேண்ட் கூடாது, அதிலுள்ள கந்தகம் உலோகத்தைக் கறுக்க வைக்கும்.

கிடைத்த படை எண், படைப்பிரிவு, சேர்ந்த தேதி மூன்றையும் தனித்தாளில் எழுதுங்கள். 1949 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு இருந்ததால், பாட்டா திருவிதாங்கூர் அரசுப் படையில் இருந்திருக்கவும் கூடும். அதன் பட்டாலியன்கள் பிற்பாடு மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தன. அப்படியானால் நீலகிரி வெலிங்டனிலுள்ள அந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். எங்கே எழுதுவது என்று குழம்பினால் நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். இறப்புச் சான்றும் உறவுக்கான சான்றும் நகலாகக் கொண்டுபோங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.