சேமோர் நீரிணை வழியே ஒரு நாள் படகுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் குவாட்ரா தீவுக்கும் நடுவே டிஸ்கவரி கால்வாய் என்னும் குறுகிய கடல்வழி உள்ளது. அதன் கரையிலுள்ள கேம்பல் ரிவர் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் சேமோர் நீரிணை வரும். சொந்தப் படகு வைத்திருப்போர் பலர் கோடையில் காலையில் புறப்பட்டு, நீரிணையைத் தாண்டி ஏதேனும் ஒரு குடாவில் தங்கி உண்டு, மாலையில் திரும்புகிறார்கள். இருபுறமும் மரமடர்ந்த மலைகள் இருப்பதால் நீர் ஓர் ஏரியைப் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்புவதிலிருந்தே தவறுகள் தொடங்குகின்றன.

மிகப் பெரிய தவறு, புறப்படும் நேரத்தை நம் வசதிப்படி முடிவு செய்வதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த நீரிணையின் ஓட்டம் 15 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். 6 நாட் வேகத்தில் செல்லும் பாய்மரப் படகு அதை எதிர்த்து முன்னேற முடியாது. ஓட்டத்தோடு சென்றாலும் நீர்ச்சுழிகளில் சுக்கான் பிடிக்காமல் போகும். ஆகவே, கடல்நீர் உயரும் ஏற்றமும் தாழும் வற்றமும் திசை மாறும் இடைவெளியில், நீர் ஏறக்குறைய அசையாது நிற்கும் அந்தச் சில நிமிடங்களிலேயே கடக்க வேண்டும்.

அந்த வேளையைக் கணிப்பதிலும் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, நீர் மட்டம் உச்சத்தை அடையும் நேரத்தில் ஓட்டமும் நின்றுவிடும் என்று எண்ணுவது. குறுகிய வாயில்களில் இவ்விரண்டும் வெவ்வேறு நேரங்களில் நிகழக்கூடும் என்பதால், நீர்மட்ட அட்டவணையை விடுத்து நீரோட்ட அட்டவணையையே பார்க்க வேண்டும். இரண்டாவது, கடிகாரப் பிழை. கனடாவின் அச்சிட்ட அட்டவணைகள் இங்கே பசிபிக் திட்ட நேரத்தைத் தருகின்றன. கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். செயலிகள் பல இதைத் தாமே கூட்டிவிடுவதால், எந்த நேரம் காட்டப்படுகிறது என்பதைப் புறப்படும் முன்பே உறுதி செய்துகொள்வது நல்லது.

இந்த நீரிணையின் நடுவே ஒரு காலத்தில் ரிப்பிள் ராக் என்னும் இரட்டை முனைப் பாறை இருந்தது. நீர் வற்றும்போது மேற்பரப்புக்கு மூன்று மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஒளிந்திருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்ட அந்தப் பாறையை, மாட் தீவிலிருந்து கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போய்விட்டதால் வழி எளிதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. போனது பாறையின் முனைகள் மட்டுமே; ஓட்டமும் சுழிகளும் அப்படியே இருக்கின்றன.

நீரிணையைக் கடந்தபின் வரும் ஆபத்து காற்று. இங்கே ஏற்ற ஓட்டம் தெற்கு நோக்கியும் வற்ற ஓட்டம் வடக்கு நோக்கியும் செல்லும். வடக்கே போவோருக்கு வற்றமே துணை; ஆனால் கோடைப் பிற்பகல்களில், டிஸ்கவரி கால்வாய்க்கு அப்பால் தொடரும் ஜான்ஸ்டன் நீரிணையில் வடமேற்குக் காற்று வலுக்கும்போது அதே வற்றம் காற்றை எதிர்த்து ஓடி, உயரமும் நெருக்கமும் கொண்ட அலைகளை எழுப்பும். எனவே வற்றம் அதிகாலையில் தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. நண்பகலில்தான் தொடங்கும் என்றால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜான்ஸ்டன் வரை போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

உணவுக்காகக் குவாட்ரா தீவின் கானிஷ் குடாவில் நங்கூரமிடுவோர் அப்போதுள்ள ஆழத்தை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள். நீர் வற்றியிருக்கும்போது ஆழம் 4 மீட்டர், படகின் முன்முனை உயரம் 1 மீட்டர் என்று வைத்து, இரண்டும் சேர்ந்த 5 மீட்டருக்கு ஐந்து மடங்காக 25 மீட்டர் சங்கிலி விட்டால், நீர் 4 மீட்டர் ஏறியதும் அது மூன்று மடங்குகூட இராது; நங்கூரம் பிடி விட்டு இழுபடும். நீர் ஏறி நிற்கப்போகும் உயரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 45 மீட்டர் தேவை.

மரம் வெட்டும் தொழில் நடக்கும் கரை இது என்பதால், நீரில் ஊறி, செங்குத்தாக நின்று, நுனி மட்டும் தெரிய மிதக்கும் மரங்கள் உண்டு. வேகத்தைக் குறைத்து, ஒருவரை முன்புறம் பார்வைக்கு நிறுத்துங்கள். இழுவைப் படகுக்கும் அது இழுத்து வரும் மிதவைக்கும் இடையே எக்காரணம் கொண்டும் புகக் கூடாது. இடையில் நீருக்குள் கம்பிவடம் இருக்கும்.

வெயில் அடிக்கிறது என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைப்பது மன்னிக்க முடியாத தவறு. இந்த நீர் கோடையிலும் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால்கள் பயன்படப் பத்து நிமிடம், நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம் என்று குளிர்நீர்ப் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கி இல்லாதவர் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே மூழ்கிவிடுகிறார். அங்கியை உடலிலும், அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் வைத்த கைவானொலியை அங்கியிலும் கட்டிக்கொண்ட பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும்.