ஜெர்மனியில் தாமதமாகும் ரயிலும் பூட்டிக் கிடக்கும் விடுதியும்: மலேசியாவிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கேஎல் சென்ட்ரலில் பட்டர்வொர்த் செல்லும் இடிஎஸ் ரயிலுக்குச் சீட்டு எடுத்தால் எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்பதெல்லாம் அந்த ஒரே சீட்டில் அடங்கிவிடுகிறது. மேலே காத்திருந்து, அழைத்தபின் கீழே இறங்கினால் போதும். ஜெர்மனியின் ரயில்களில் இந்தப் பழக்கம் செல்லுபடியாகாது. அங்கே பயணச்சீட்டு வேறு, இருக்கைப் பதிவு வேறு; நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது; தெருவிலிருந்து நேரே நடைமேடைக்குப் போய் வண்டியில் ஏறிவிடலாம், சீட்டைப் பரிசோதகர் உள்ளே வந்துதான் பார்ப்பார். நேரம் தவறாத நாடு என்று நாம் கேட்டு வளர்ந்த பேச்சையும் ஓரமாக வைத்துவிடுவது நல்லது. 2024-இல் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் நெடுந்தொலைவு ரயில்களில் 62.5 விழுக்காடுதான் குறித்த நேரத்தில் வந்தன. ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை அந்தக் கணக்கு தாமதமாகவே எண்ணுவதில்லை. ரத்தான ரயில்கள் அதில் சேர்வதும் இல்லை.

ஆகவே ரயில் தாமதமாகுமா என்று கவலைப்படுவதைவிட, தாமதமானால் அன்றிரவு எங்கே படுப்பது என்பதை முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் பயன் தரும். நம்மவர்கள் அங்கே படும் விடுதித் தொல்லைகளில் பல ரயிலில்தான் தொடங்குகின்றன: மாலை ஆறு மணிக்குச் சேர வேண்டிய குடும்பம் இரவு பத்தரைக்குச் சேர்கிறது, விடுதியின் வரவேற்பு மேசை எட்டு மணிக்கே மூடப்பட்டிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் திட்டமிடாமல் ஒன்றாகவே திட்டமிட வேண்டும்.

சீட்டு வாங்கும்போது

டாய்ச்ச பானின் டிபி நேவிகேட்டர் செயலியில் மலிவாகத் தெரியும் சூப்பர் சேவர், சேவர் ஆகிய சீட்டுகள் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த நெடுந்தொலைவு ரயிலுக்கு மட்டுமே செல்லும். அடுத்த ரயிலில் ஏறினால் சீட்டில்லாப் பயணியாகிவிடுவீர்கள். ஃப்ளெக்ஸ் சீட்டு விலை கூடியது, ஆனால் அதே வழித்தடத்தில் அன்றைய எந்த ரயிலிலும் ஏறலாம். ஊர் சுற்றும் நாள்களுக்கு மலிவுச் சீட்டு போதும். விமானம் தரையிறங்கும் நாளுக்கு மட்டும் அதை வாங்க வேண்டாம். தோஹா வழியாகவோ துபாய் வழியாகவோ வரும் விமானம் இரண்டு மணி நேரம் பிந்தினால் தனியாக வாங்கிய மலிவுச் சீட்டு வீணாகும், அதற்கு ரயில் நிறுவனம் பொறுப்பாகாது. அன்றைக்கு ஃப்ளெக்ஸ் சீட்டு வாங்கலாம், அல்லது ரயில் பயணத்தையும் சேர்த்துத் தரும் விமானச் சீட்டாக எடுக்கலாம்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இரண்டு மூன்று ரயில் மாற வேண்டியிருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக வாங்குங்கள். சில யூரோ மிச்சமாகும் என்று துண்டு துண்டாக வாங்கினால், முதல் ரயில் பிந்தி அடுத்ததைத் தவறவிடும்போது அந்த இரண்டாவது சீட்டின் நட்டம் உங்கள் தலையில்தான் விழும். மாறுவதற்குச் செயலி சில வேளைகளில் ஏழெட்டு நிமிடம்தான் காட்டும்; குறைந்தபட்ச நேரத்தைக் கூட்டி வைக்கும் வசதி அதே செயலியில் உண்டு. பெட்டியும் பிள்ளைகளுமாகப் போகிறவர்கள் அதை அரை மணி நேரத்துக்கு மேலாக வைப்பது உசிதம். அதைவிட முக்கியமானது, அன்றைய கடைசி ரயிலை நம்பிப் பயணம் வைக்காதிருப்பது. உங்கள் ரயிலுக்குப் பிறகும் அதே வழியில் இரண்டு ரயில்களாவது இருக்க வேண்டும்.

நாடு முழுவதும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான அது 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அது மாதச் சந்தா என்பதால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடிக்கப்படும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் அது செல்லாது. ஒரே வட்டாரத்தில் தங்கிச் சுற்றுவோருக்கு அது நல்ல பேரம்தான். முனிச்சிலிருந்து ஹாம்பர்க் வரை அதை வைத்துக்கொண்டு வட்டார ரயில்களில் மாறி மாறிப் போவது, வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்களுக்கு ஏற்றதல்ல.

நிலையத்தில் கவனிக்க வேண்டியவை

ஊர்ப் பெயரையும் நிலையப் பெயரையும் கடைசி எழுத்து வரை பாருங்கள். மைன் ஆற்றங்கரையில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட் வேறு, போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் உள்ள ஃபிராங்க்ஃபர்ட் வேறு. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலேயே இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு: நகருக்குள் போகும் ரயில்கள் முதல் முனையத்துக்கு அடியில் உள்ள வட்டார நிலையத்திலும், ஐசிஇ ரயில்கள் நடைபாலம் கடந்து செல்லும் நெடுந்தொலைவு நிலையத்திலும் நிற்கும். காசலில் விரைவு ரயில்கள் முதன்மை நிலையத்தில் நிற்காமல் வில்ஹெல்ம்ஸ்ஹோயவில் நிற்கின்றன. கொலோனில் சில ஐசிஇ ரயில்கள் பேராலயத்துக்கு அருகில் உள்ள முதன்மை நிலையத்துக்கு வராமல், ரைன் ஆற்றின் மறுகரையில் உள்ள டாய்ட்ஸ் நிலையத்தோடு சரி. விடுதியை நிலையத்துக்கு அருகில் எடுத்துவிட்டதாக நினைப்பவர்கள், எந்த நிலையம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமேடையின் நீளத்துக்கு ஏ, பி, சி என எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக வந்து நிற்கும் என்பதைச் செயலியும் மேடையில் உள்ள திரையும் காட்டும். வண்டி வந்தபின் தேடிக்கொண்டு ஓடினால், அது நிற்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் பெட்டியைத் தூக்கி ஏற்ற முடியாது. சில நாள்களில் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருவதும் உண்டு. அதைக் கடைசி நிமிடத்தில்தான் அறிவிப்பார்கள் என்பதால் திரையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பதிவு செய்த இருக்கையில் புறப்பட்டுப் பதினைந்து நிமிடத்துக்குள் அமராவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

சில ரயில்கள் வழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே வரும் ஐசிஇ ரயில்கள் சில ஹம் நகரில் பிரிந்து, ஒரு பாதி டோர்ட்முண்ட், டுசல்டோர்ஃப் பக்கமும் மறுபாதி வுப்பர்டால் வழியாகக் கொலோன் பக்கமும் செல்லும். ஏறும் கதவின் பக்கத்தில் உள்ள சிறு திரையில் அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். ரயில் எண் பொருந்துகிறது என்பதோடு நின்றுவிடாமல் அதையும் படித்துவிட்டு ஏறுங்கள். ஹம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது காமாட்சி அம்பாள் ஆலயம். 2002-இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயில் நகர நடுவில் இல்லை, ஊன்ட்ரோப் என்னும் புறநகர்த் தொழிற்பேட்டைப் பகுதியில் இருக்கிறது. ரயில் மாறும் இடைவேளையில் ஓடிப்போய்க் கும்பிட்டு வரலாம் என்று எண்ண வேண்டாம். பேருந்தோ வாடகை வண்டியோ பிடித்துப் போய்வர அரை நாளை ஒதுக்குங்கள். திருவிழா நடக்கும் கோடையில் அந்த ஊரில் அறை கிடைப்பதும் அரிது.

நகருக்குள் ஓடும் ரயில், டிராம் ஆகியவற்றுக்கு இயந்திரத்தில் எடுக்கும் காகிதச் சீட்டைப் பல ஊர்களில் ஏறுமுன் சிறு பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு செல்லாத சீட்டு. அபராதம் 60 யூரோ. டச் அண்ட் கோ அட்டையைத் தட்டிப் பழகிய நமக்கு, தடுக்கக் கதவில்லாத இடத்தில் இது மறந்துபோவது இயல்பு.

ரயில் தாமதமானால்

சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்வீர்கள் என்று தெரிந்தவுடனே, மலிவுச் சீட்டில் இருந்த குறிப்பிட்ட ரயில் என்னும் கட்டு நீங்கிவிடுகிறது. வேறு ரயிலில், வேறு வழியிலும்கூடப் போகலாம். இதை அறியாமல் ரத்தான ரயிலுக்குப் பதில் புதுச் சீட்டு வாங்குவோர் இருக்கிறார்கள். தாமதத்தைக் காட்டும் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதகர் கேட்டால் காட்டலாம். சேருமிடத்தில் ஒரு மணி நேரம் பிந்தினால் சீட்டு விலையில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரம் பிந்தினால் 50 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும். கடும் புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இது பொருந்தாது. மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே ஊர் திரும்பிய வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.

நள்ளிரவுக்குள் போய்ச் சேர வழியில்லாதபடி கடைசி ரயில் ரத்தானால், ரயில் நிறுவனமே மாற்று ஏற்பாடு செய்யாதபோது, வாடகை வண்டிக்கு 120 யூரோ வரை கோரலாம். அன்று பயணத்தைத் தொடரவே முடியாத நிலையில் இரவு தங்கும் செலவையும் கேட்க உரிமை உண்டு. இரண்டுக்கும் முதல் படி ஒன்றுதான்: நிலையத்தின் தகவல் மேசைக்குப் போய்க் கேட்பது. வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள். மேசை மூடியிருந்தால் அதையும் படமெடுத்துவிட்டு, நியாயமான விலையில் அறை எடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருந்த விடுதியின் தொகை இந்த உரிமைகளுக்குள் வராது, அதைப் பயணக் காப்புறுதியிடம்தான் கேட்க வேண்டும். பெரிய நிலையங்கள் பலவற்றில் பான்ஹோஃப்ஸ்மிசியோன் என்னும் தொண்டு அமைப்பின் அறை இருக்கும். 1894-இல் பெர்லினில் தொடங்கிய அது, குழந்தையோடும் முதியவரோடும் தவித்து நிற்பவர்களுக்கு உட்கார இடமும் வழிகாட்டலும் தருகிறது.

விடுதி வாசலில்

ரயில் பிந்துகிறது என்று தெரிந்த கணமே விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மின்னஞ்சல் மட்டும் போதாது. சிறிய விடுதிகளில் இரவுப் பணியாளர் இருப்பதில்லை. பதிவு எண், பெயர், சேரும் நேரம் ஆகிய மூன்றையும் சொல்லி, சாவியை எப்படி எடுப்பது என்று கேட்டுவிடுங்கள். தகவலே இல்லாவிட்டால் நீங்கள் வரவில்லை என்று குறித்துக்கொண்டு அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

எனக்குத் தெரிந்த பினாங்குக் குடும்பம் ஒன்று மோசல் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் இப்படி நள்ளிரவு நெருங்கும் வேளையில் போய் இறங்கியது. கதவு பூட்டியிருந்தது, அழைப்பு மணிக்கு யாரும் வரவில்லை, பாட்டி பயணப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மகள் தன் மின்னஞ்சலில் தேவையற்ற கடிதங்கள் விழும் பகுதியைத் துழாவினாள். விடுதி மாலையிலேயே ஜெர்மன் மொழியில் அனுப்பியிருந்த நான்கு இலக்க எண் அங்கே கிடந்தது. தபால் பெட்டிக்குக் கீழே, செடித்தொட்டி மறைத்திருந்த சாம்பல் நிற இரும்புப் பெட்டியின் சக்கரங்களை அந்த எண்ணுக்குத் திருப்பியதும் மூடி திறந்து சாவி கையில் விழுந்தது. கதவடியில் நின்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் இவைதாம். எண்ணைக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொண்டால், கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தாலும் கவலையில்லை. ஜெர்மனியில் நம் மூன்று தட்டைமுனைச் செருகி பொருந்தாது என்பதால் மாற்றியைப் பெட்டிக்குள் திணிக்காமல் கைப்பையில் வையுங்கள்.

முகவரியை வரைபடத்தில் இடும்போது ஐந்து இலக்க அஞ்சல் எண்ணையும் சேர்த்து இடுங்கள். பெர்லினில் ஒரே பெயரில் பல தெருக்கள் உண்டு, ஒரே நிறுவனத்தின் விடுதிகள் ஒரே நகரில் நான்கைந்து இருப்பதும் சாதாரணம். தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. கேஎல்ஐஏ-விலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்துக்கு முதல் நாள் இரவே வீட்டைவிட்டுக் கிளம்புவதால், அறையைத் தவறான இரவுக்குப் பதிவு செய்துவிடுவது எளிதில் நேர்கிறது.

வெளிநாட்டு விருந்தினர் கடப்பிதழைக் காட்டிப் பதிவுப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். பல நகரங்களில் தங்கும் வரி தனியாக வரும். பெர்லினில் அது 2025 ஜனவரியிலிருந்து 7.5 விழுக்காடு. சிறு விடுதிகளில் ரொக்கம் மட்டும் வாங்குவதும் உண்டு. அட்டையைப் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை வங்கிச் செயலியில் புறப்படுமுன்பே திறந்துவிடுங்கள்.

அறையில் ஏர்கோன் இல்லாமலிருப்பது குறையல்ல, அங்கே அது வழக்கம். சன்னல் கைப்பிடியைக் கிடையாகத் திருப்பினால் கதவுபோல் திறக்கும், மேல்நோக்கித் திருப்பினால் மேல்பகுதி மட்டும் உள்ளே சாயும். கழன்று விழுகிறது என்று பயந்து பிடிக்க வேண்டாம். சுடுநீர்க் கேத்தல் பெரும்பாலும் இருக்காது, மெகி மீ கரைக்க எண்ணியிருப்பவர்கள் சிறிய ஒன்றை எடுத்துச் செல்லும் முன் விடுதி அனுமதிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி மட்டும் கூடவே கூடாது; புகை உணரி அலறித் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் கணக்கில் ஏறலாம்.

பதிவு செய்த அறை இல்லை என்று மேசையில் சொன்னால், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு உடனே வெளியேறிவிடாதீர்கள். சமமான மாற்று விடுதியை அவர்களே தேடித் தரும்படியும், விலை வேறுபாட்டையும் வண்டிச் செலவையும் ஏற்கும்படியும் கேளுங்கள். முடியாது என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், காப்புறுதிக்கும் பதிவுத் தளத்துக்கும் அந்தத் தாள் தேவைப்படும். ரயிலில் பையை விட்டுவிட்டால் ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் உடனே பதிவு செய்யுங்கள். உரியவர் வராத பொருள்கள் வுப்பர்டாலில் உள்ள மையக் கிடங்குக்குப் போய்ச் சேரும். அந்தப் பைக்குள் கடப்பிதழ் இருந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு பெர்லினில் உள்ள மலேசியத் தூதரகம் அல்லது ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள துணைத் தூதரகம். வார இறுதியில் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால், திங்கள்கிழமை வரை எங்கே தங்குவது என்பதை அன்றே விடுதியில் பேசி முடித்துவிடுங்கள்.