மெட்டல் டிடெக்டருக்கு எந்தக் காயில் வாங்கலாம், கூட என்னென்ன வேண்டும்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டிடெக்டர் தண்டின் நுனியில் இருக்கும், தரைக்கு மேலே வீசித் தேடும் தட்டுக்குப் பெயர்தான் காயில். டிடெக்டர் வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் ஆழமாகத் தேட எந்தக் காயில் வாங்கலாம்?" தோண்டியதெல்லாம் ஆணியும் சோடா மூடியுமாக வரும்போது, நல்ல பொருள்கள் எல்லாம் இன்னும் கீழே இருக்கின்றன, நம் காயில்தான் எட்டவில்லை என்று தோன்றுவது இயல்பு. நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் 15 அங்குலக் காயிலை வாங்கினேன். அதை மாட்டிய பிறகு சத்தங்கள் கூடினவே தவிர, எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்பது முன்பைவிடக் குழப்பமானது.

அதனால் வாங்கும் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பின்பாயிண்டர் (குழிக்குள் பொருளைத் தேடும் கையடக்கக் கருவி), அப்புறம் ஹெட்போனும் நல்ல தோண்டும் கருவியும், அதற்குப் பிறகு ஒரு சின்னக் காயில். பெரிய காயில் கடைசியில்தான், அதுவும் தேவைப்பட்டால்தான். ஏன் இந்த வரிசை என்பது கீழே ஒவ்வொரு படியாகப் போகும்போது புரியும்.

படி 1: காயில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொழுதுபோக்குக்காகத் தேடுபவர்கள் வைத்திருக்கும் பெரும்பாலான டிடெக்டர்கள் விஎல்எஃப் வகை, அதாவது மிகக் குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்பவை. காயில் தட்டுக்குள்ளே இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கும். ஒன்று மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும், அந்தப் புலம் உலோகத்தில் பட்டால் உலோகத்துக்குள் சிறிய சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும், அவை திருப்பி அனுப்பும் மிக மெல்லிய புலத்தை இரண்டாவது சுற்று பிடிக்கும். நமக்குக் கேட்பது அந்த இரண்டாவது சுற்றின் பேச்சுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, புலம் போகும்போதும் தேய்கிறது, திரும்பி வரும்போதும் தேய்கிறது. நாணயம் போன்ற சின்னப் பொருள் காயிலிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும்போது, தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சமிக்ஞை கிட்டத்தட்ட 64 மடங்கு குறைந்துவிடும். காயிலின் அளவைக் கூட்டினால் ஆழமும் அதே விகிதத்தில் கூடும் என்று எதிர்பார்க்கிறோம், ஆனால் நடப்பது அதுவல்ல. 11 அங்குலத்திலிருந்து 15 அங்குலத்துக்குப் போனால் நாணய அளவுப் பொருளுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு அங்குல ஆழம்தான் கூடக் கிடைக்கும்.

படி 2: உங்களிடம் இருப்பது எந்த வடிவம் என்று பாருங்கள்

முக்கியமாக இரண்டு வகை. கான்சென்ட்ரிக் என்பதில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். இதன் தேடும் பரப்பு மண்ணுக்குள் போகப் போகக் கூம்பு மாதிரி குறுகும், அதனால் பொருள் காயிலின் நடுவுக்குக் கீழே வரும்போது சத்தம் நன்றாக ஏறும், இடத்தைக் குறிப்பது சுலபம். காரெட் ஏஸ் 250 உடன் வந்த 6.5×9 அங்குலக் காயில் இந்த வகைதான். குறை என்னவென்றால், இரும்புச்சத்து அதிகம் உள்ள மண்ணில் இது தடுமாறும். மண்ணே ஒரு உலோகம் மாதிரிப் பேசத் தொடங்கிவிடும்.

இன்னொன்று டபுள் டி. இரண்டு டி எழுத்துகள் முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் இருக்கும். தேடும் பரப்பு கத்தி மாதிரி முன்னிருந்து பின்னாக ஒரே பட்டையாக இறங்கும். செம்மண், கருமணல் போன்ற இடங்களில் இதுதான் நிதானமாக வேலை செய்யும், ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே விட்டுப்போகும் இடமும் குறைவு. காரெட் ஏடி ப்ரோவின் 8.5×11, மைன்லாப் ஈக்வினாக்ஸ் 800 உடன் வரும் 11 அங்குலம், இரண்டும் டபுள் டி. எந்த மண் என்று தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் டபுள் டி என்றுதான் சொல்வேன்.

மோனோ என்றும் ஒரு வகையைப் பார்ப்பீர்கள். ஒரே சுற்றுதான் அனுப்பவும் வாங்கவும் செய்யும். அது மின்னோட்டத்தைத் தொடர்ந்து அனுப்பாமல் துடிப்பு துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர்களுக்கானது, தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டாம்.

படி 3: அளவை இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்தப் படிதான் எல்லாவற்றையும்விட முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய வீடு இருந்த இடம், ஆட்கள் கூடிய இடம், நடைபாதை ஓரம் என்று நல்ல பொருள் கிடைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் குப்பையும் அதே அளவு கிடைக்கும். ஒரு நாணயத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்த இரண்டு ஆணி கிடந்தால், 11 அங்குலக் காயில் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கும், இரும்பின் சத்தம் நாணயத்தின் சத்தத்தை மூடிவிடும், நீங்கள் அதை ஆணி என்று நினைத்துக் கடந்து போய்விடுவீர்கள். 5 அல்லது 6 அங்குலக் காயில் அதே இடத்தில் ஆணிக்கும் நாணயத்துக்கும் நடுவே நுழைந்து பார்க்கும். நீங்கள் பலமுறை தேடி ஒன்றும் இல்லை என்று விட்ட இடத்தை ஒருமுறை சின்னக் காயிலோடு மெதுவாகப் போய்ப் பாருங்கள். என் கணக்கில் நல்ல பொருள்கள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான், ஆழத்திலிருந்து வந்தவை குறைவு.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய காயில் அதிக மண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது. இரும்புச்சத்து அதிகமுள்ள மண்ணில் அந்த மண்ணின் சத்தமே கூடிப்போய் சென்சிடிவிட்டியை (மெல்லிய சமிக்ஞையையும் பிடிக்கும் திறனின் அளவை) குறைக்க வேண்டி வரும், குறைத்த பிறகு நாம் எதற்காகப் பெரிய காயிலை மாட்டினோமோ அந்த ஆழமே போய்விடும். மெல்லிய மோதிரம், சங்கிலிக் கண்ணி போன்ற பொடிப் பொருள்களைப் பெரிய காயில் சரியாகப் பார்க்காது என்பதும் சேர்ந்தால், கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான்.

அப்படியானால் பெரிய காயில் எதற்கு? குப்பை குறைந்த, விரிந்த உழுத நிலம், உலர்ந்த மணல்வெளி, இப்படிப்பட்ட இடங்களில் ஒரு நாளில் அதிகப் பரப்பைப் பார்க்க அது உதவும். பெட்டி, பானை அளவுக்குப் பெரிய பொருள் ஆழத்தில் இருந்தால் அங்கே அதன் பலம் தெரியும். ஆனால் எடையை மறக்காதீர்கள், தண்டின் நுனியில் கூடும் 200 கிராம் கையில் அதைவிடப் பல மடங்காகத் தெரியும். கை ஓய்ந்தால் வீச்சின் இரு ஓரங்களிலும் காயில் தரையை விட்டு மேலே எழும், அங்கே ஆழம் வீணாகும்.

நீள்வட்டக் காயில்களும் உண்டு. அறுவடைக்குப் பின் நிற்கும் தட்டைகளுக்கு நடுவிலும் உழவுச் சால்களிலும் இவை நன்றாக நுழையும். உயிர்ப்பயிர் நிற்கும் நிலத்தில் மட்டும் எந்தக் காயிலோடும் இறங்காதீர்கள்.

கடலோர ஈரமணல் தனிக்கதை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஒற்றை அதிர்வெண் டிடெக்டர் அங்கே ஓயாமல் கத்தும். காயிலை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும் கருவியோ பல்ஸ் இண்டக்‌ஷனோதான் வழி.

படி 4: உங்கள் டிடெக்டருக்குப் பொருந்துமா என்று உறுதி செய்யுங்கள்

கனெக்டர் உள்ளே போகிறது என்பதால் காயில் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு காயிலும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கும் மின்சுற்றுக்கும் ஏற்றபடி சுற்றப்பட்டது, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயேகூட மாற்றி மாட்ட முடியாமல் போகலாம். எக்ஸ்பி டியூஸ் மாதிரி கம்பியில்லாக் காயில்களில் காயிலுக்குள்ளேயே தனி பேட்டரி இருக்கும், அதைப் பழையதாக வாங்கினால் பேட்டரியின் நிலையையும் கேளுங்கள். டிடெக்டரின் கையேட்டில் பொருந்தும் காயில்களின் பட்டியல் இருக்கும், அதில் இல்லாததை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

படி 5: சரியாக மாட்டுங்கள்

காயிலைத் தண்டோடு சேர்க்கும் நட்டும் போல்டும் பிளாஸ்டிக்கில் இருப்பதற்குக் காரணம் உண்டு. உடைந்துவிட்டது என்று இரும்பு போல்டு போட்டால் காயில் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். ரப்பர் வாஷர்களைத் தொலைக்காதீர்கள், காயில் தொங்காமல் நிற்பது அவற்றால்தான்.

கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள், காயிலுக்குப் பக்கத்தில் மட்டும் காயில் முன்னும் பின்னும் சாயும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். கேபிள் ஆடினால் பொய்ச் சத்தம் வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கும் பல சமயங்களில் காரணம் இந்த ஆடும் கேபிள்தான். கனெக்டரில் பின்களை நேராகப் பொருத்தி வளையத்தை மட்டும் திருகுங்கள், கேபிளைத் திருகாதீர்கள். காயிலை மாற்றும்போதெல்லாம் டிடெக்டரை அணைத்துவிட்டு மாற்றுங்கள், மாற்றிய பின் கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணின் சத்தத்தை டிடெக்டர் ஒதுக்கும்படி அமைப்பதை) மறுபடி செய்யுங்கள்.

அடியில் மாட்டும் காயில் கவர் ஒன்று கட்டாயம் வேண்டும். கல்லில் உரசித் தேய்வது கவராக இருக்கட்டும், காயிலாக இருக்க வேண்டாம். ஆனால் கவருக்கும் காயிலுக்கும் நடுவே மணல் சேரும், கருமணல் சேர்ந்தால் அதுவே சத்தம் போடும், அதனால் அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள்.

படி 6: துணைக்கருவிகள்

பின்பாயிண்டர் என்பது கையடக்கமான சின்ன டிடெக்டர். குழி தோண்டிய பிறகு பொருள் குழியிலா, எடுத்த மண்ணிலா, பக்கச் சுவரிலா என்று அது சொல்லும். இது இல்லாமல் கைப்பிடி கைப்பிடியாக மண்ணை அள்ளிக் காயில் மேல் காட்டிக்கொண்டிருந்தால் ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் போகும், குழியும் பெரிதாகும், அவசரத்தில் தோண்டுகருவி பட்டு நாணயத்தில் கீறலும் விழும். அதனால்தான் இதை முதலில் வைத்தேன். சத்தத்தோடு அதிர்வும் தருவதாகப் பாருங்கள். நீர் பக்கம் தேடுவீர்கள் என்றால் காரெட் ப்ரோ-பாயிண்டர் ஏடி போல 6 மீட்டர் வரை நீர் தாங்கும் ஒன்று வேண்டும். டிடெக்டர் ஓடும்போது பக்கத்தில் இதை இயக்கினால் ஒன்றின் சத்தத்தில் மற்றது குழம்பலாம், குழியில் நுழைக்கும்போது மட்டும் போடுங்கள்.

ஹெட்போன் அணிந்தால் மெல்லிய சத்தங்களும் கேட்கும். டிடெக்டரின் ஸ்பீக்கரில் அவை காற்றோடு போய்விடும், ஆழத்தில் உள்ளவை எப்போதும் மெல்லியவைதான். ஜாக் 6.35 மில்லிமீட்டரா 3.5 மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒரு தாமதம் உண்டு. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீங்கள் வீசுகிறீர்கள், சத்தம் 0.2 நொடி தாமதமாக வருகிறது என்றால், சத்தம் கேட்கும்போது காயில் பொருளைத் தாண்டி 20 சென்டிமீட்டர் போயிருக்கும். கம்பியில்லாதது வேண்டும் என்றால் தாமதம் குறைந்த வகையாகத் தேடுங்கள்.

மற்றவை சுருக்கமாக: இரண்டு அறை உள்ள இடுப்புப்பை, ஒன்றில் கிடைத்த பொருள், மற்றதில் குப்பை. கையுறை, மாற்று பேட்டரி, ஒரு குறிப்பேடு. காலணியின் முனையில் இரும்புத் தகடு இருக்கக் கூடாது, இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் காயில் உங்கள் காலைத்தான் கண்டுபிடிக்கும். கைபேசியையும் காயிலிலிருந்து தள்ளி வையுங்கள்.

படி 7: தோண்டுவது

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு வீச்சுகூட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கமே போகாதீர்கள், கிடைக்கும் பழம்பொருளை யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தைப் போவதற்கு முன்பே படித்துக்கொள்ளுங்கள்.

டபுள் டியில் இடத்தைக் குறிக்க ஒரு வழி உண்டு. சத்தம் வரும் இடத்தில் காயிலைச் சின்னதாக இடம் வலமாக ஆட்டிக்கொண்டே உங்கள் பக்கம் மெல்ல இழுங்கள். சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே காயிலின் முன் நுனிக்குச் சற்று முன்னால்தான் பொருள் இருக்கும். இன்னொரு திசையில் நின்று ஒருமுறை சரிபாருங்கள். புல்தரையில் குதிரை லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியிருக்க மண்கட்டியைப் புரட்டுங்கள். வேர் அறுபடாமல் திரும்ப மூடினால் புல் பிழைத்துக்கொள்ளும். கருவி ஒரு பக்கம் பல் வைத்த, வளையாத கை மண்வாரியாக இருக்கட்டும். மணலுக்கு மட்டும் ஓட்டை போட்ட, மணலைச் சலிக்கும் எவர்சில்வர் கரண்டி.

ஒரே இடத்தில் பல பொருள்கள் தெரிய ஆரம்பித்தால் கையை எடுத்துவிடுங்கள். இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்ற ஊரில் 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியர் காலத் தங்க, வெள்ளிக் குவியலைக் கண்டார். அவர் முழுவதையும் தோண்டி எடுக்காமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அதனால்தான் எந்தப் பொருள் எதன் பக்கத்தில் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைத் தொல்லியல் ஆய்வாளர்களால் பதிவு செய்ய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது.

படி 8: வீட்டு மண்ணில் பழகுங்கள்

முதலில் அந்த இடத்தில் வேறு உலோகம் இல்லை என்று காயிலை வீசிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே வகை நாணயத்தை 5, 10, 15, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டுப் புதையுங்கள். ஐந்தாவதாக ஒரு நாணயத்தை ஆணியோடு சேர்த்துப் புதையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் வீசி, திரையில் வரும் எண்ணையும் சத்தம் எப்படி இருந்தது என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். சின்னக் காயில் வாங்கியதும் அதே நாணயங்களின் மேல் மறுபடி வீசி, பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். 20 சென்டிமீட்டரில் சின்னக் காயிலுக்குச் சத்தம் மங்கலாம், ஆணியோடு கிடப்பது தனியாகக் கேட்கலாம். மழைக்குப் பின் ஈரமண்ணில் ஒருமுறை, நன்றாகக் காய்ந்த பின் ஒருமுறை இதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் அடிக்கடி போகும் இடத்தில் குப்பை குறைவாகவும், கேட்கும் நல்ல சத்தமெல்லாம் எட்டும் ஆழத்தின் விளிம்பிலுமே இருந்தால், அப்போது பெரிய காயிலுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.